தூள் டின்

உலகத்து மனிதர்கள் வருஷத்துக்கு எத்தனை கிலோ மிட்டாய் தின்கிறார்கள் என்று கணக்கெடுப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். சிரிக்காதீர்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறது. எங்கோ ஒரு பெரிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'உலக இனிப்புச் சந்தை இவ்வளவு, அதில் சாக்லேட் இவ்வளவு, சர்க்கரை மிட்டாய் இவ்வளவு, சூயிங்கம் இவ்வளவு' என்று வழவழப்பான தாளில் அச்சடித்து விற்கிறார்கள். அந்தத் தாளில் ஒரு புள்ளி வைப்பதற்காக எங்களைப் போல நூறு பேர் தெருத்தெருவாக அலைவோம். பெரிய கம்பெனிகள் தங்கள் கணக்கைத் தாங்களே அனுப்பிவிடும். வீட்டோடு பட்டறை வைத்திருக்கிறவர்கள் அனுப்ப மாட்டார்கள். அங்கே ஆள் போய் உட்கார்ந்து பன்னிரண்டு நாள் எடை போட்டு எழுத வேண்டும்.

அப்படித்தான் அந்த மிட்டாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்னால் பட்டறை, பின்னால் குடியிருப்பு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. படுக்கை விரிப்பில்கூட எலுமிச்சை எசன்ஸ் வாசனை அடிக்கும். மூன்று பேர். வீட்டுக்காரம்மா, அவர் மகள், அவருடைய கொழுந்தன். நான்காவது ஆள், வீட்டுக்காரம்மாவின் கணவர், பத்து மாதத்துக்கு முன்னால் அந்தப் பட்டறைக்குள்ளேயே இறந்துபோயிருந்தார். அவரைத் தெருவில் எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள், தம்பியைச் 'சின்னவர்' என்பார்கள். பெரியவர் போன பிறகும் சின்னவர் சின்னவராகவே இருந்தார்.

முதல் நாளே எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் முட்டிக்கொண்டது. படிவத்தில் உள்ளே வந்தது, வெளியே போனது, கழிவு என்று மூன்று கட்டம். சர்க்கரை, குளுக்கோஸ் எல்லாம் எழுதியாயிற்று. மிட்டாய் எடையும் எழுதியாயிற்று.

"கழிவு எவ்வளவுக்கா?"

"கழிவே கிடையாது சார்."

"அது எப்படிக்கா? உடைஞ்சது, நொறுங்கினது, ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னது?"

"அதெல்லாம் டின்ல இருக்கு. நாளைக்குப் பாகுல போட்டுடுவோம்."

"சரி, தரையில விழுந்தது?"

"எங்க வீட்ல தரையில விழாது" என்று பட்டென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூஜ்யம்னு போட்டுக்கோங்க சார். அம்மாகிட்ட அந்த டின்னைப் பத்திப் பேசினா உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கிடைக்காது."

எனக்குச் சாப்பாடு முக்கியம். பூஜ்யம் போட்டேன்.

அந்த டின் பட்டறை மூலையில் ஒரு பலகையின் மேல் இருந்தது. எண்ணெய் டின்னின் வாயை வெட்டி மடக்கி, தட்டு போட்டு மூடியிருந்தார்கள். சாயங்காலம் மிட்டாயைச் சலித்த பிறகு மிஞ்சுகிற தூளும் துண்டும் அதற்குள் போகும். காலையில் முதல் சட்டிப் பாகு கொதிக்கும்போது அதிலிருந்து மூன்று கிலோ அள்ளிப் போடுவார்கள். அள்ளுவதற்கு முன்னால் வீட்டுக்காரம்மா ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கண்ணை மூடி, அது கரைகிற வரை நிற்பார். யாரும் அவரிடம் அப்போது பேச மாட்டார்கள்.

எதற்கென்று மகள்தான் சொன்னாள். மிட்டாயைத் தாளில் முறுக்கிக்கொண்டே, கை நிற்காமல் சொன்னாள்.

"அப்பா போன அன்னைக்குச் சட்டியில இருந்த பாகு அப்படியே கருகி இறுகிப்போச்சு சார். முப்பது கிலோ. எல்லாரும் கொட்டச் சொன்னாங்க. அம்மா சுத்தியலால உடைச்சு டின்ல போட்டுக்கிச்சு. அப்புறம் தினம் மூணு கிலோ. அன்னையிலேருந்து எங்க மிட்டாய்ல ஒரு கருகல். அடிநாக்குல, லேசா. அம்மா சொல்லுது, அப்பா இருக்காராம்."

"நீ என்ன சொல்றே?"

"நான் என்ன சொல்றது. பெரிய கம்பெனிக்காரன் சொல்றான், கருகல் இருக்குன்னு. ரெண்டு தடவை மாதிரிக்கு மிட்டாய் அனுப்பி ரெண்டு தடவையும் திருப்பிட்டான்."

அதுதான் அந்த வீட்டின் தலைவலி. கடைகளில் கண்ணாடி ஜாடிகள் போய், கம்பெனிப் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். இவர்கள் மிட்டாயைக் கேட்டு வாங்குகிற கடைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டன. ஒரு பெரிய கம்பெனி தன் எலுமிச்சை மிட்டாயை வெளியில் கொடுத்துச் செய்ய ஆள் தேடியது. மகள் எழுதிப் போட்டாள். மூன்றாவது மாதிரிதான் கடைசி. அதுவும் திரும்பினால் மாதக் கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, பட்டறையையும் வீட்டையும் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். நான் அங்கே இருக்கப்போகிற பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கம்பெனி ஆள் வந்து மாதிரியை வாங்கிப்போவதாக ஏற்பாடு.

நானும் ஒரு மிட்டாயைப் போட்டுப் பார்த்தேன். முதலில் எலுமிச்சை. புளிப்பு. பிறகு இனிப்பு. எல்லாம் கரைந்து போய்விட்டது என்று நினைக்கும்போது, யாரோ பக்கத்து அறையில் எதையோ தீயவிட்ட மாதிரி ஒன்று வந்தது. உடம்பு சிலிர்த்தது. ஒரு மிட்டாய்க்கு உடம்பு சிலிர்ப்பதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காலையில் பாகு காய்ச்சுவதை உட்கார்ந்து பார்ப்பேன். சின்னவர்தான் சட்டி. தாமிரச் சட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதை இழுத்தால் சட்டி சாய்ந்து பாகு இரும்பு மேஜையில் கொட்டும். சர்க்கரையும் தண்ணீரும் முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். தண்ணீர் வற்ற வற்ற நுரை சிறுத்துக்கொண்டே வரும். சத்தமும் மாறும். கடைசியில் குமிழிகள் கெட்டியாக, சோம்பலாக உடையும். அந்த நேரத்தில் சரியாக இறக்க வேண்டும். முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பிந்தினால் கருகும்.

சின்னவருக்கு முதுகுப்புறம், நாலடி தள்ளி, ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்தில் ஒரு குச்சி. தினமும் காலையில் வீட்டுக்காரம்மா அந்தக் கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி வைப்பார். யாரும் அதைத் தொட மாட்டார்கள். பூனைக்கு வைக்கிறார்களோ என்று நினைத்தேன். பூனை எதுவும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் இன்னொன்றைக் கவனித்தேன். பாகு பதத்துக்கு வருகிற நேரத்தில் சின்னவர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தலையை லேசாக ஒருபக்கம் சாய்ப்பார். காது கொடுக்கிற மாதிரி. சில சமயம் பத்து மூச்சு, சில சமயம் பதினைந்து. பிறகு திடுக்கிட்டு எரிவாயுவை மூடிக் கைப்பிடியை இழுப்பார்.

"என்ன சின்னவரே, அடுப்பு ஏதாவது பேசுதா?"

"கல்யாணம் கட்டாதவன் சார் நானு. அடுப்பாவது பேசுதே" என்று சிரித்தார். வாய்தான் சிரித்தது.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்று பட்டால் மிட்டாய் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜன்னலை எல்லாம் அடைத்துத் துணி வைத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் அடுப்பு எரியவில்லை. நால்வரும் கால் நீட்டி உட்கார்ந்து பழைய தாள்களை அடுக்கினோம். பொழுது போகாமல் நான் படிவத்தின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.

"இதுதான் உலகம். இதுல பாதிக்கு மேல சாக்லேட்டு. இந்தத் துண்டு சர்க்கரை மிட்டாய், டாஃபி, ஜெல்லி எல்லாம். இது சூயிங்கம்."

சின்னவர் எட்டிப் பார்த்தார். "மொத்தத்துல உலகமே வாயில எதையோ போட்டு அதக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க."

"நாங்க எங்க சார் இருக்கோம்?" என்றாள் மகள்.

பென்சிலைச் சீவிக்கொண்டு ஒரு கோடு போட்டேன். "இதர."

"இந்தக் கோடா நாங்க?"

"நீங்க இல்லம்மா. உங்களை மாதிரி லட்சம் பேர் சேர்ந்துதான் இந்தக் கோடு."

"அடப்பாவமே" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டுக்காரம்மா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சார், செஞ்சவங்க செத்துப்போயிட்டா, அவங்க செஞ்சது இதுல சேருமா?"

"சரக்கு வித்தா சேரும்க்கா."

"அப்ப அவரு சேர்ந்துருவாரு" என்று சொல்லிவிட்டுத் தாளை அடுக்கத் தொடங்கினார். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ அந்த அறையில் ஐந்தாவதாக ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. பகலிலேயே இப்படித் தோன்றினால் ராத்திரி எப்படித் தூங்குகிறார்களோ.

எட்டாம் நாள் வெயில் வந்தது, அடுப்பும் எரிந்தது. பத்தாம் நாள் மத்தியானம் சண்டை வெடித்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகள் தட்டைத் தொடவே இல்லை.

"அம்மா, ஒரே ஒரு தடவை. டின்னைக் கழுவிட்டுப் புதுசா ஒரு சட்டி போடுவோம். அந்த மாதிரியைக் குடுப்போம். அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

"முடியாது."

"வீடே போகப்போகுதும்மா!"

"போகட்டும். அதுல உங்கப்பா இருக்காரு. நான் சாக்கடையில கொட்ட மாட்டேன்."

"அப்பா இல்லம்மா, கருகின சர்க்கரைம்மா அது!" அழுகையும் கோபமுமாக என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க கணக்கு பாக்கறவர்தானே. சொல்லுங்க. அந்த டின்னாலதானே கருகுது?"

நான் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்திருக்க வேண்டும். கணக்கு என்று யாராவது சொன்னால் போதும், என் புத்தி தானாக ஓட ஆரம்பித்துவிடும். சனியன் பிடித்த புத்தி.

"முப்பது கிலோ. தினம் மூணு கிலோன்னா பத்து நாள்ல முதல் டின் காலி. அப்புறம் போடறது அந்தந்த நாள் தூள். அதுல பத்துல ஒரு பங்குதான் பழசு. மறுநாள் அதுல பத்துல ஒண்ணு. அதுக்கு மறுநாள் அதுலயும் பத்துல ஒண்ணு. ரெண்டு வாரம் போதும், ஒரு குருணை கூட மிஞ்சாது. மாசம் இப்ப பத்து ஆகுது." அப்போதுதான் வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்ததை முடித்தேன். "டின்ல அவரு இல்லக்கா. எப்பவோ தீர்ந்துட்டாரு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார்.

மகளுக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்ப... தினமும் யாரு கருக்கறது?"

சின்னவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான்தான் அண்ணி."

"என்ன தம்பி சொல்றே?"

"வேணும்னு இல்ல அண்ணி. நான் நின்னுடறேன்." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "இருபத்தஞ்சு வருஷம். நான் சட்டியைப் பாப்பேன், அண்ணன் எனக்குப் பின்னாடி கிண்ணத்துல பதம் பாப்பாரு. குச்சியில தொட்டுத் தண்ணியில விட்டு, எடுத்துக் கடிப்பாரு. டிக்குன்னு உடைஞ்சா 'இறக்கு'ன்னு ஒரு குரல். அந்தக் குரலுக்கு முன்னாடி நான் கைப்பிடியைத் தொட்டதே இல்ல. ஒரே ஒரு தடவை முந்திக்கிட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கும் நின்னேன் அண்ணி. பாகு பதம் தாண்டுது, எனக்குத் தெரியுது. வாடை வருது. புகை வருது. சொல்லாம இறக்கினா திட்டுவாருன்னு நிக்கறேன். என்னைச் சோதிக்கறாரு போலன்னு நிக்கறேன். கண்ணு எரியற அளவுக்குப் புகை வந்த பிறகுதான் திரும்பினேன். சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. குச்சி கையில இருந்துச்சு." இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு இல்ல. அந்தக் கொஞ்ச நேரம் பூரா நான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன் அண்ணி. அந்தக் குரல் வரும்னு இன்னும் நிக்கறேன். வேண்டாம்னு நினைச்சாலும் கை வர மாட்டேங்குது."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மகள் சத்தமில்லாமல் அழுதாள். நான் அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். சோற்றுக் கையோடு எங்கே ஓடுவது.

வீட்டுக்காரம்மா, "இதை ஏன் பத்து மாசமா சொல்லல?" என்றார்.

"சொன்னா நீங்க என்னை இந்த வீட்ல வச்சுக்குவீங்களா?"

சின்னவர் தள்ளிய தட்டை வீட்டுக்காரம்மா எடுத்து அவர் முன்னால் திரும்ப வைத்தார். "சாப்பிடு" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சின்னவர் சாப்பிட்டார். மறுநாள் முழுக்க அந்த வீட்டில் பேச்சே இல்லை. அன்றும் பாகு கருகியது.

பன்னிரண்டாம் நாள் காலை வானம் பளிச்சென்று இருந்தது, காற்றில் ஈரமே இல்லை. மிட்டாய்க்கு அதைவிட நல்ல நாள் அமையாது. நான் போய்ச் சேர்வதற்குள் மகள் மேஜையைத் துடைத்து எண்ணெய் தடவியிருந்தாள். வீட்டுக்காரம்மா கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினார். வழக்கம்போல உள்ளே போகவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில், பெரியவர் நின்ற இடத்தில், குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். டின்னிலிருந்து அன்று தூள் அள்ளவில்லை. அதுவும் அவர் சொல்லித்தான்.

"தம்பி, நீ சட்டியைப் பாரு. நான் சொல்றேன்."

சின்னவர் சரி என்று தலையாட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றார்.

பொங்கியது. நுரை சிறுத்தது. சத்தம் மாறியது. வீட்டுக்காரம்மா முன்னால் வந்து, குச்சியால் தொட்டு, கிண்ணத்தில் விட்டார். எடுத்துக் கடித்தார். ஒட்டியது. இன்னொரு முறை. வளைந்தது. மூன்றாம் முறை, டிக். மேஜைக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த எனக்கே கேட்டது.

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

சின்னவர் துடுப்பை நிறுத்தியிருந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு, திறந்த வாயோடு நின்றார். பத்து மாதத்துக்கு முன்னால் கடைசியாகப் பெரியவர் பார்த்ததும் அந்த முதுகைத்தான். மகள் கையைப் பிசைந்தாள். "அம்மா... அம்மா..." என்றாள், காற்றாக. குமிழிகள் சோம்பலாக உடைந்தன. வாசனை மாறுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் வரும். பன்னிரண்டு நாளில் என் மூக்குக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு அங்கே என்ன வேலை? எடை போட வந்தவன். இத்தனை நாள் சோற்றுக்கு அந்த வீட்டில் கடன்பட்டவன், அவ்வளவுதான்.

"இறக்கு!" என்று கத்திவிட்டேன்.

சின்னவரின் கை தானாகப் போய் எரிவாயுவை மூடியது. கைப்பிடி இழுபட்டது. பாகு தெளிந்த மஞ்சளாக, ஒரு புகை இழை இல்லாமல், மேஜையில் விரிந்தது. சட்டியைக் கடைசிச் சொட்டு வரை வழித்தார். எல்லாம் பழக்கம். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"அண்ணே?"

அவர் கண்ணில் நான் படச் சற்று நேரம் பிடித்தது. பட்டதும் அந்த முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் நான் தராசைத் துடைக்கப் போனேன். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த தராசுதான்.

ஆனால் பாகு யாருக்காகவும் காத்திருக்காது. ஆறினால் கல். எசன்ஸ், புளிப்பு, எல்லாம் போட்டு மடிக்க வேண்டும். சின்னவர் கையுறையை மாட்டிக்கொண்டு அழுதுகொண்டே பிசைந்தார். ஒரு ஆண் அவ்வளவு சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. வீட்டுக்காரம்மா எதிர்ப்பக்கம் நின்று அவரோடு சேர்ந்து மடித்தார். மகள் அச்சு உருளையைச் சுற்றினாள். முத்து முத்தாக மிட்டாய் விழுந்தது.

"வாயைத் திறந்தேன் சார்" என்றார் வீட்டுக்காரம்மா, என்னைப் பார்க்காமல். "சத்தியமா சொல்லணும்னுதான் நின்னேன். அந்த வார்த்தை அவரோடது. எனக்கு வரலை."

ஆறியதும் மகள் முதலில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். கரைகிற வரை மூவரும் அவள் வாயையே பார்த்தோம். "அம்மா, எலுமிச்சை மட்டும்தாம்மா இருக்கு" என்றாள். பிறகு வீட்டுக்காரம்மா ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். வெகுநேரம் நின்றார். கடைசி வரை கரைந்து தீர்ந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஆமா" என்றார். "வேற யாரும் இல்லை."

மத்தியானம் கம்பெனி ஆள் வந்தான். அங்கேயே இரண்டை வாயில் போட்டு மென்றான். போன தடவைகளில் அவனுக்கு இருந்த முகச்சுளிப்பு இல்லை. மீதியை உறையில் போட்டு, "இதேதான், இப்படியேதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மகள் அவன் தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்றாள்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா தூள் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னவர் பிடிக்க வந்தார். "நான் பாத்துக்கறேன்" என்று தானே தராசில் வைத்தார். பிறகு கொல்லைப்பக்கம் எடுத்துப் போய், வெந்நீர் ஊற்றிக் கரைத்து, செடிகளுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காலி டின்னை மறுபடி கொண்டுவந்து எடை போட்டார். சின்னவரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எழுதிக்கோங்க சார். கழிவு, பதினோரு கிலோ இருநூறு."

என் பேனா நகரவில்லை. "எழுதுங்க சார்" என்று இன்னொரு முறை சொன்ன பிறகுதான் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை போன் செய்தது.

"சார், இந்த ஒரு யூனிட்ல பதினோரு நாளும் கழிவு பூஜ்யம், கடைசி நாள் மட்டும் பதினோரு கிலோன்னு இருக்கு. எழுத்துப் பிழையா?"

"இல்லம்மா. சரிதான்."

"நிஜமாவே கொட்டிட்டாங்களா?"

"கொட்டிட்டாங்க. என் கண்ணு முன்னாடிதான் எடை போட்டாங்க."

"பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டிருக்கீங்க. ஏதாவது போட்டாத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கும் சார்."

அடிநாக்கில் அந்தக் கருகல் வந்துவிட்டுப் போனது. 'பழைய சரக்கு' என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.